நட்டு மீட்ட காடு கெட்டால் சட்டப்படி யாரைக் கேட்பது?

அலையாத்தி (நிபோங் திபால்):

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பக்கம் ஆறு கடலில் சேரும் இடத்தில் சில வருஷங்களுக்கு முன் பாக்காவ் என்னும் அலையாத்தி மரக் கன்று நட்டார்கள். ஒரு நிறுவனம் பணம் கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகள் சேற்றில் இறங்கினார்கள், ஒய்.பி. (தொகுதியின் மக்கள் பிரதிநிதி) வந்தார், பலகை வைத்தார்கள், எத்தனை கன்று என்று பத்திரிகையிலும் வந்தது. கடலை ஒட்டி நட்டவை அலையோடு போய்விட்டன. உள்ளே நட்டவை பிழைத்து, இன்று ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. அடியில் நண்டு வந்துவிட்டது, சாயங்காலம் கொக்கு அடைகிறது, தூண்டில்காரர்களும் வருகிறார்கள்.

இப்போது பின்னால் உள்ள நிலத்தில் வேலை நடக்கிறது. கால்வாய் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து இந்த மரங்களின் ஓரத்தில் கொட்டுகிறார்கள். பாக்காவ், அப்பி-அப்பி போன்ற அலையாத்தி மரங்களெல்லாம் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் வேரால் மூச்சு விடுபவை. அதை மண் போட்டு மூடினால் மரம் நின்ற இடத்திலேயே காய்ந்துவிடும். ஓரத்து மரங்கள் இப்போதே இலை உதிர்க்கின்றன.

புகார் கொடுத்தோம். ஓர் அலுவலகம், இது வனக் காப்பகம் இல்லை, எங்கள் பொறுப்பில் வராது என்றது. இன்னொன்று, ஆற்று ரிசர்வ் (ஆற்றுக்கென்று ஒதுக்கிய கரை நிலம்) எதுவரை என்று முதலில் அளக்க வேண்டும் என்றது. நட்ட நிறுவனம், திட்டம் முடிந்தது, ஒப்படைத்துவிட்டோம் என்கிறது. யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதற்கு ஒரு தாள்கூட இல்லை.

அழிந்த ஓர் இடத்தைப் பணமும் உழைப்பும் போட்டு மீட்ட பிறகு, அது திரும்பக் கெடாமல் பார்த்துக்கொள்ளும் கடமை சட்டப்படி யாருக்காவது உண்டா? ஐரோப்பாவில் இதற்கென்றே சட்டம் வந்திருப்பதாகப் படித்தேன். அங்கே எப்படி, இங்கே எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டப்படி (கோலாலம்பூர்):

அண்ணே, ஐரோப்பாவில் இருந்தே தொடங்குகிறேன். இந்தக் கேள்வியை அங்கேதான் சட்டத்தில் நேரடியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் படித்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை மீட்புச் சட்டமாக இருக்கும். 2024 ஜூன் 17 அன்று அமைச்சர்கள் மன்றத்தில் நூலிழையில் நிறைவேறியது. ஆஸ்திரியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் லியோனோரே கெவெஸ்லர் சொந்தக் கூட்டணிக் கட்சியின் எதிர்ப்பை மீறி ஆதரவு வாக்குப் போட்டதால்தான் கரை சேர்ந்தது. ஆகஸ்ட் 18 முதல் நடப்புக்கு வந்தது. நல்ல நிலையில் இல்லாத வாழிடங்களில் 2030-க்குள் குறைந்தது 30 விழுக்காடு, 2040-க்குள் 60, 2050-க்குள் 90 விழுக்காட்டில் மீட்பு வேலை நடந்திருக்க வேண்டும். செய்திகளில் பெரிதாக வந்தது இந்த எண்கள்தான்.

நம் விஷயம் 4ஆம் விதியின் பின்பகுதியில் இருக்கிறது. மீட்பு வேலை தொடங்கிய இடம், நல்ல நிலையை எட்டும்வரை தொடர்ந்து மேம்பட வேண்டும். எட்டிய பிறகு குறிப்பிடத்தக்க அளவில் சீரழியக் கூடாது. இரண்டுக்கும் வேண்டிய நடவடிக்கைகளை உறுப்பு நாட்டு அரசு எடுக்க வேண்டும். ஆக, நட்டவர் யார், பணம் போட்டவர் யார் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். பதில் சொல்ல வேண்டியது அரசு.

மீட்பு வேலையே நடக்காமல் ஏற்கெனவே நல்ல நிலையில் இருக்கும் இடங்களுக்குக் கொஞ்சம் தளர்வு. கெடாமல் காக்க முயல வேண்டும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். பேரம் பேசிப் பேசி நீர்த்துப்போன பகுதி அது.

விதிவிலக்கும் உண்டு: மனிதக் கட்டுப்பாட்டை மீறிய பேரிடர், பருவநிலை மாற்றத்தால் தவிர்க்க முடியாமல் வாழிடம் உருமாறுவது, வேறு வழியே இல்லாத பெரிய பொதுநலத் திட்டம், வெளிநாட்டின் செயல் அல்லது செயலின்மை. பக்கத்து நிலத்துக்காரர் மண் கொட்டினார் என்பது எதிலும் சேராது.

இது வெறும் தாளில் நின்றுவிடாது என்பதற்கு ஒரு பழைய வழக்கு சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் வருஷத்து வாழிட உத்தரவின் 6ஆம் விதியிலும் பாதுகாக்கப்பட்ட இடங்கள் சீரழியாமல் பார்க்கும் கடமை இருக்கிறது. போலந்தில் பியாவோவியேஜா காட்டில் வண்டு நோயைக் காரணம் காட்டி அரசு மரம் வெட்டும் அளவைப் பல மடங்கு கூட்டியது. 2017 நவம்பரில், வெட்டுவதை நிறுத்தாவிட்டால் நாளுக்குக் குறைந்தது 100,000 யூரோ கட்ட வேண்டி வரும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் எச்சரித்தது. 2018 ஏப்ரலில் போலந்து கடமை தவறியது என்று தீர்ப்பு வந்தது.

இனி நம் நாடு, மலேசியா. இப்படி ஒரு கடமை, இந்த வடிவத்தில், நம் சட்டங்களில் இல்லை. அடுத்த பதிவில் விளக்குகிறேன்.

சட்டப்படி (கோலாலம்பூர்):

நிலமும் காடும் மாநில அதிகாரம். கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் நாடாளுமன்றம் வனச் சட்டம் இயற்றினாலும், மாநிலச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டால்தான் அந்த மாநிலத்தில் செல்லும்.

1984 தேசிய வனச் சட்டத்தின் பாதுகாப்பு, நிரந்தர வனக் காப்பகமாக கெசட் செய்யப்பட்ட (அரசிதழில் அறிவிக்கப்பட்ட) நிலத்துக்குத்தான் முழுமையாகக் கிடைக்கும். காப்பகமாக அறிவித்தாலும் 11ஆம் பிரிவின்படி மாநில அரசு அதை விடுவிக்கலாம். அந்த நோக்கத்துக்கு இனி தேவையில்லை, இதைவிட உயர்ந்த பொருளாதாரப் பயனுக்கு வேண்டும் என்று கருதினால் போதும். 2022-இல் செய்த திருத்தம் இதைக் கொஞ்சம் இறுக்கியது: விடுவிக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும், குறையாத பரப்பில் மாற்று நிலம் கொடுக்க வேண்டும். சிலாங்கூர் 2011-லேயே பொது விசாரணையைத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

இதில் எல்லாம் பரப்பைத்தான் எண்ணுகிறார்கள், காட்டின் தரத்தை யாரும் கேட்பதில்லை. என்னை உறுத்துவது அதுதான். எல்லைக்கல் நகராமல், உள்ளே இருக்கும் காடு தீயிலும் வடிகாலிலும் செத்துக்கொண்டிருந்தால், அதைத் தடுக்காததற்காக யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கெட்ட பிறகு அந்தக் கேடே விடுவிப்பதற்குக் காரணமாகிவிடுகிறது. வடக்கு கோல லங்காட் கரிச்சதுப்புக் காடு ஞாபகம் இருக்கும். 2020-இல் காப்பகத்தை நீக்கும் அறிவிப்பு வந்தபோது, காடு எரிந்து தரமிழந்துவிட்டது என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. 2021-இல் 536 ஹெக்டேர் போனது. தெமுவான் பூர்வகுடி மக்களும் பொது அமைப்புகளும் விடாமல் எதிர்த்ததால் அதே வருஷம் செப்டம்பரில் மாநில அரசு முடிவைத் திருப்பியது. சட்டத்தில் கெடாமல் காக்கும் கடமை இருந்திருந்தால் அந்த வாதமே நின்றிருக்காது. கெடவிட்டவரே கெட்டதைக் காரணம் காட்ட முடியாதல்லவா?

உங்கள் ஆற்று முகம் காப்பகத்துக்கு வெளியே இருப்பதால் இந்த அளவு பாதுகாப்புக்கூட இல்லை.

கரைவலை (தென் செபராங் பிறை):

அண்ணன் சொல்லும் இடம் எதுவென்று எனக்குத் தெரிகிறது. பெயர் போட வேண்டாம்.

சட்டம் பேசுகிறவர்களுக்குக் கரையில் இருந்து ஒரு விஷயம். நடுவது ஒரு காலைப்பொழுது வேலை. உயிரோடு வைப்பதுதான் நாள்கணக்கு, வருஷக்கணக்கு. பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம் 1997-இலிருந்து பாக்காவ் நடுகிறது. சுங்கை ஆச்சே பக்கம் போய்ப் பாருங்கள். அவர்கள் நட்டது நிற்பதற்குக் காரணம், நட்டவர்களே தினமும் அந்த வழியாகப் படகில் போகிறார்கள். கன்றில் கொட்டலசு ஒட்டியதா, வலை சிக்கியதா, பிளாஸ்டிக் சுற்றியதா என்று போகிற போக்கில் பார்த்துவிடுவார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அரசும் நாடு முழுக்கக் கரையோரத்தில் நட்டது. எல்லாக் கரையும் பாக்காவுக்கு ஏற்றதில்லை. சேறு தாழ்வாக இருந்து, நாள் முழுக்கத் தண்ணீர் நின்றால் கன்று மூழ்கிச் சாகும். அலை நேராக அடிக்கும் இடத்தில் முதலில் அப்பி-அப்பிதான் காலூன்றும், பாக்காவ் அதற்குப் பின்னால்தான் வரும். நடும்போது எத்தனை கன்று என்று எண்ணுகிறோம், மூன்று மழைக்காலம் கழித்து எத்தனை நிற்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. 2021-இல் தொடங்கிய 10 கோடி மரத் திட்டத்திலும் நாம் அடிக்கடி கேட்ட எண் நட்டதன் கணக்குதானே?

அதனால் சட்டம் வந்தால், கன்று எண்ணிக்கையை விட்டுவிட்டு, நிற்கும் மரத்தையும் அடியில் இருக்கும் நண்டையும் கேட்கட்டும்.

கியாரா மகள் (கோலாலம்பூர்):

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். கோபமாகத் தெரிந்தால் மன்னியுங்கள்.

என் தாத்தா பாட்டி புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். அரசு நிலத்தை எடுத்தபோது, 1980களின் தொடக்கத்தில், தற்காலிகம் என்று சொல்லி லாங்ஹவுஸில் (ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில்) குடிவைத்தார்கள். நிரந்தர வீடு வரும் என்றார்கள். பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். தோட்டம் மூடிய பிறகு ரப்பர் மரங்களுக்கிடையே காட்டு மரங்கள் முளைத்து இன்று அது நகரத்துப் பசுமை. தன்னார்வலர்கள் உள்நாட்டு மரங்களை நட்டிருக்கிறார்கள், நல்ல வேலைதான், நானும் அங்கே நடக்கிறேன்.

2017-இல் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்ட அனுமதி கொடுத்தார்கள். அதே திட்டத்துக்குள் எங்கள் வீடுகளையும் செருகினார்கள். அதனால் என்ன ஆனது? பூங்காவைக் காக்க வழக்குப் போட்டவர்களும் வீட்டுக்குக் காத்திருந்தவர்களும் எதிரெதிரே நிற்க வேண்டியதாயிற்று. பசுமை வேண்டுமா, தோட்டப் பாட்டாளிக்கு வீடு வேண்டுமா என்று கேட்டு எங்களைப் பிரித்தது யார்?

மீட்ட இயற்கையைக் காக்கும் சட்டம் வேண்டும், சரி. அந்த மண்ணில் உழைத்தவர்களுக்குக் கொடுத்த வாக்கையும் அதே சட்டம் கடமையாக எழுதுமா?

சட்டப்படி (கோலாலம்பூர்):

அக்கா, உங்கள் கோபம் நியாயம். அந்த வழக்கை இந்த இழையில் கட்டாயம் பேச வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் இந்தக் கடமைக்கு மிக அருகில் வந்த தீர்ப்பு அதுதான்.

2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மேம்பாட்டு அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீதிபதி நளினி பத்மநாதன் தலைமையிலான அமர்வு. 1982 கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் வந்த கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் (எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் நகரத் திட்டம்) சட்ட மதிப்புள்ள ஆவணம், டத்தோ பண்டார் (மேயர்) அதை விருப்பம்போல் ஒதுக்கிவைக்க முடியாது, விலகினால் காரணம் காட்ட வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். சுற்றிலும் குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்பதும் அதில் உறுதியானது. பசுமையிடம் என்று திட்டத்தில் ஒருமுறை எழுதிவிட்டால் அந்த எழுத்துக்குப் பலம் உண்டு என்று அர்த்தம்.

ஆனால் அந்தத் தீர்ப்பு கட்டடத்தைத் தடுத்தது, அவ்வளவுதான். பூங்கா உள்ளுக்குள்ளே நலிந்தால் சரிசெய் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. லாங்ஹவுஸ் மக்களுக்கு வீடு கொடு என்ற கடமையும் அதிலிருந்து பிறக்கவில்லை. அக்கா கேட்பதுபோல் இரண்டையும் முதலிலேயே தனித்தனிக் கடமையாக எழுதியிருந்தால், ஒன்றைக் காட்டி மற்றொன்றை விலைபேசும் நிலைமை வந்திருக்காது.

மேட்டுநிலம் (பாலேக் பூலாவ்):

நான் சின்ன நிலத்துக்காரன். டுரியானும் கொஞ்சம் பாக்கு மரமும் இருக்கிறது. என் நிலத்தின் கீழ்க்கோடி சதுப்பு. அதை அப்படியே விட்டுவைத்தால் தானாகவே காடாகிவிடும்.

நீங்கள் கேட்கும் சட்டம் வந்தால் நான் என்ன செய்வேன் தெரியுமா? காடாக விடவே மாட்டேன். ஒருமுறை மீட்டால் அப்புறம் என் பிள்ளை காலத்திலும் தொட முடியாது என்றால், முதலிலேயே மண் அடித்து மேடாக்கிவிடுவது புத்திசாலித்தனம் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஐரோப்பாவில் விவசாயிகள் டிராக்டரோடு தெருவுக்கு வந்ததை நாமும் பார்த்தோமே. காக்கும் சுமை முழுவதையும் நிலத்துக்காரன் தலையில் வைத்துவிட்டு, சுத்தமான காற்றை ஊரே அனுபவிப்பது எப்படி நியாயம்?

சட்டப்படி (கோலாலம்பூர்):

ஐயா சொல்வது உண்மையான சிக்கல், ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்து இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 2021 சுற்றுச்சூழல் சட்டப்படி, 2024 பிப்ரவரியிலிருந்து பெரும்பாலான புதிய கட்டுமானங்கள், அழித்ததை ஈடுசெய்வதோடு 10 விழுக்காடு கூடுதலாகவும் வாழிடம் உருவாக்கிக் காட்ட வேண்டும். அதை 30 வருஷம் பராமரிக்க வேண்டும். கட்டுமானக்காரர் தன் மனையிலேயே செய்யலாம், அல்லது வேறொரு நிலத்துக்காரருக்குப் பணம் கொடுத்து அவர் நிலத்தில் செய்யலாம். கடமை எழுத்துபூர்வ ஒப்பந்தமாக இருக்கும், காலக்கெடு இருக்கும், கூலியும் இருக்கும். உங்கள் சதுப்புக்கு மாதம் பிறந்தால் பணம் வரும் என்றால் மண் அடிப்பீர்களா?

30 வருஷம் போதுமா என்று கேட்டால், பாக்காவுக்குப் போதாது என்பேன். பேராக்கில் மாத்தாங் அலையாத்திக் காட்டில் மரம் வெட்டும் சுழற்சியே 30 வருஷம். ஆனாலும் விழா முடிந்ததும் கைகழுவும் இப்போதைய நிலைமைக்கு அது எவ்வளவோ மேல்.

மாநில அரசுகளுக்கும் இதே கணக்குத்தான். காட்டை வைத்திருந்தால் வருமானம் இல்லை, வெட்டினால் உண்டு. அதை மாற்றத்தான் 2019-இல் 60 மில்லியன் வெள்ளியோடு (ரிங்கிட்), காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குப் பணம் தரும் சூழலியல் நிதி மாற்றம் என்ற திட்டத்தைக் கூட்டரசு தொடங்கியது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை, மீட்ட இடம் நல்ல நிலையில் நிற்கிறதா என்ற அளவோடு கட்டினால், நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மேட்டுநிலம் (பாலேக் பூலாவ்):

பணம் வரும், ஒப்பந்தம் என் கையில் இருக்கும் என்றால் பேசலாம். பலகை மட்டும் வரும் என்றால் வேண்டாம்.

நீர்மட்டம் (கோலாலம்பூர்):

தண்ணீர்த் தரப் பரிசோதனை என் தொழில். யாரும் தொடாத ஒன்றைத் தொடுகிறேன்: கெட்டது என்று எதை வைத்து நிரூபிப்பது?

ஐரோப்பிய நீர்ச் சட்டத்தின் கீழ் 2015 ஜூலை 1 அன்று ஒரு தீர்ப்பு வந்தது. ஜெர்மனியில் வேசர் ஆற்றைக் கப்பலுக்காக ஆழப்படுத்தும் திட்டம். ஆற்றின் மொத்தத் தரம் அதே வகுப்பில்தான் இருக்கிறது, பிறகென்ன என்பது ஒரு வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. மீன், பாசி என்று தனித்தனியாகப் பார்க்கும் அளவுகோல்களில் ஒன்று ஒரு படி இறங்கினாலும் அது சீரழிவுதான் என்றது. ஏற்கெனவே கடைசிப் படியில் இருந்தால், அதற்குமேல் எவ்வளவு குறைந்தாலும் சீரழிவு.

நம் ஊரில் ஆறுகளைச் சுத்தம் செய்யும் ரிவர் ஆஃப் லைஃப் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான், கொம்பாக் ஆறுகள் மஸ்ஜித் ஜாமேக் அருகே சேரும் இடத்தைச் சுற்றி, ஏறக்குறைய 110 கிலோமீட்டர் ஆற்றுநீளம், 400 கோடி வெள்ளிக்கும் மேல் திட்டம். 3 முதல் 5ஆம் வகுப்பில் (எண் கூடினால் தரம் குறைவு) கிடந்த தண்ணீரை 2-பி வகுப்புக்கு, அதாவது உடம்பு படும் பொழுதுபோக்குக்கு ஏற்ற தரத்துக்கு, 2020-க்குள் உயர்த்துவதே குறி. நமக்கும் வகுப்பு இருக்கிறது, அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன, ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஒரு பகுதி 3ஆம் வகுப்புக்கு ஏறிய பிறகு திரும்ப 4-க்கு இறங்கினால் அதற்கு இவர் பொறுப்பு என்ற ஒரு வரி மட்டும் சட்டத்தில் இல்லை. கழிவை விடும் தொழிற்சாலையை 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் பிடிக்கலாம். ஆற்றின் நிலைக்கே பொறுப்பான ஒருவரைப் பிடிக்க வழியில்லை.

அலையாத்தி அண்ணே, உங்கள் இடத்தில் ஏதாவது அளவு எடுத்து வைத்திருக்கிறீர்களா? மர எண்ணிக்கை, உயரம், சேற்று மட்டம், தேதியோடு படம்?

அலையாத்தி (நிபோங் திபால்):

படம் இருக்கிறது. என் மகள் கைப்பேசியில் வருஷாவருஷம் ஒரே இடத்தில் நின்று எடுத்திருக்கிறாள். அளவு எதுவும் இல்லை.

சட்டப்படி தம்பி, ஐரோப்பாபோல் இங்கே வரும்வரை அந்த மரங்கள் நிற்காது. இன்றைக்குள்ள சட்டத்தில் என்ன செய்யலாம்?

கரைவலை (தென் செபராங் பிறை):

அளவெடுக்க நாங்கள் வருகிறோம். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துச் சொல்கிறேன். கயிறு கட்டி, கட்டம் பிரித்து எண்ணினால் ஒரு காலையில் முடிந்துவிடும்.

சட்டப்படி (கோலாலம்பூர்):

அளவெடுப்பதுதான் முதல் வேலை, அதில் தாமதம் வேண்டாம். படங்களின் மூலக் கோப்பை அழிக்காதீர்கள், தேதி அதற்குள்ளேயே இருக்கும்.

அடுத்து நிலம் யாருடையது என்று நில அலுவலகத்தில் தேடுங்கள். மண் கொட்டும் இடம் அரசு நிலம் என்றால், அனுமதியில்லாமல் அதில் நுழைவதும் மண் கொட்டுவதும் தேசிய நிலச் சட்டப்படி குற்றம். அங்கே நீங்கள் காட்டைப் பற்றியே வாதாட வேண்டியதில்லை. அரசு நிலமாக இருந்தால் இன்னொரு வழியும் திறக்கிறது: அதே சட்டத்தின் 62ஆம் பிரிவில் பொதுப் பயனுக்கென்று கெசட் செய்யும்படி மாநில அரசைக் கேட்கலாம். செய்த பிறகு நீக்க வேண்டுமானால் 64ஆம் பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்து, விசாரணை நடத்தி, ஆட்சேபணை கேட்டாக வேண்டும். அந்த கெசட்டில் பராமரிக்கும் அதிகாரியின் பதவியும் வரும். இத்தனை நாள் நீங்கள் தேடிய பொறுப்பாளர் அங்கேதான் கிடைப்பார். வனக் காப்பகமாகவே அறிவிக்கக் கேட்பது இன்னும் பலமானது. வனச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் மண் மீட்புக் காடு என்றே ஒரு வகை உண்டு. நேரம் பிடிக்கும், இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டை அதிகம் நம்பாதீர்கள். குறிப்பிட்ட பரப்புக்கு மேல் போனால்தான் அது கட்டாயம். துண்டு துண்டாக வேலை செய்தால் அதில் சிக்காது.

பின்னால் நடக்கும் வேலைக்குத் திட்ட அனுமதி இருக்கிறதா என்று மாநகர் கழகத்தில் எழுத்தில் கேளுங்கள். அனுமதி கொடுத்திருந்தால், அந்த இடம் மாநிலக் கட்டமைப்புத் திட்டத்திலும் உள்ளூர்த் திட்டத்திலும் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பசுமையாக இருந்தால் கியாரா தீர்ப்பு உங்கள் பக்கம் பேசும். வழக்குப் போவதாக இருந்தால் நீதிமன்ற விதிகளின் 53ஆம் கட்டளைப்படி, முடிவு உங்களுக்குத் தெரிந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் நீதிப் புனராய்வு மனு (அதிகாரிகளின் முடிவை நீதிமன்றம் ஆராயக் கேட்கும் மனு) போட வேண்டும். பலர் அலுவலகம் அலுவலகமாக நடந்தே அந்தக் காலத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

கியாரா மகள் (கோலாலம்பூர்):

அண்ணே, கெசட்டுக்கு எழுதும்போது மீனவர்களும் தூண்டில்காரர்களும் உள்ளே போய்வரும் உரிமையைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் சேர்க்கமாட்டார்கள்.

அலையாத்தி (நிபோங் திபால்):

சேர்க்கிறோம் அம்மா. திங்கட்கிழமை நில அலுவலகம் போகிறேன். கடித வரைவை இங்கேயே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.